பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பவர் ஸ்டீயரிங் குழாய் ஒழுகினால்: கசிவைப் பிடிப்பது முதல் காற்று எடுப்பது வரை

காருக்கு அடியில் சிவப்பாக எண்ணெய் சொட்டியிருப்பதைக் கண்டதும் ஸ்பேனரைத் தேடுகிறவர்கள்தான் பெரும்பாலும் இரண்டு தடவை செலவு செய்கிறார்கள். பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய் சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறொன்று. அதோடு, அந்த அமைப்பில் இருக்கும் குழாய்கள் எல்லாம் ஒரே ரகமும் இல்லை. ஒரு குழாயைப் புது ரப்பரும் இரண்டு கிளிப்பும் போட்டு வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். பக்கத்தில் ஓடும் இன்னொரு குழாயில் அதே வைத்தியத்தைச் செய்தால், சூடான எண்ணெய் பீறிட்டுச் சைலன்சர் குழாயில் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே எந்தக் குழாய் என்று தீர்மானிப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. கழற்றி மாட்டுவது மிச்சம்.

இரண்டு கதவும் இரண்டு இருக்கையும் கொண்ட அசல் ஸ்போர்ட்ஸ் கார் நம் பக்கம் அபூர்வம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் வேகத்துக்காக ஆசைப்பட்டு வாங்கி, இன்றும் விற்க மனம் வராமல் வைத்திருக்கும் கார்கள் என்றால் 1998ல் திருவள்ளூர் ஆலையிலிருந்து வந்த மிட்சுபிஷி லான்சர், 1999ல் மறைமலைநகரில் தயாராகி வந்த ஃபோர்டு ஐகான் 1.6, அடுத்து வந்த ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6 ஆகியவைதாம். இவற்றில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது எண்ணெய் அழுத்தம். இன்றைய புதுக் கார்களில் பெரும்பாலானவற்றில் அந்த வேலையை மின்மோட்டார் செய்துவிடுகிறது. அங்கே ஒழுக எண்ணெயே கிடையாது. கீழே சொல்வது பெல்ட்டால் சுற்றும் பம்ப் உள்ள எந்தப் பழைய காருக்கும் பொருந்தும். நட்டு அளவும் குழாய் போகும் பாதையும் மட்டும் காருக்குக் கார் மாறும்.

எண்ணெய் போகும் வழி

பம்ப் எஞ்சினின் முன்பக்கத்தில் பெல்ட்டில் சுற்றுகிறது. எண்ணெய்த் தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் தடித்த ரப்பர்க் குழாய் உறிஞ்சு குழாய். பம்பிலிருந்து ரேக்குக்கு (ஸ்டீயரிங் திரும்புவதை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பல்தண்டு அமைப்பு) போவது பிரஷர் குழாய்: இரு முனையிலும் எஃகு, நடுவில் கம்பிப் பின்னல் வைத்த ரப்பர் ஹோஸ், இரண்டும் சேரும் இடத்தில் இயந்திரத்தால் நசுக்கிப் பிடித்த உலோக உறை. ரேக்கின் மேலேயே இரண்டு மெல்லிய எஃகுக் குழாய்கள் வால்விலிருந்து கிளம்பி, சிலிண்டரின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் போகும். கடைசியாக ரிட்டர்ன் குழாய். அது பல கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சுற்றுப் போய், சூடு தணிந்து தொட்டிக்குத் திரும்பும்.

நேர் சாலையில் ஓடும்போது பிரஷர் குழாயில் சில பார் அழுத்தம்தான். காரை நிறுத்தி வைத்தே ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து அங்கேயே பிடித்தால், பம்புக்குள் இருக்கும் பாதுகாப்பு வால்வு திறக்கும்வரை அழுத்தம் ஏறும். பெரும்பாலான கார்களில் அது 70 முதல் 100 பார் வரை. டயருக்கு நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டு என்றால், இது ஆயிரம் பவுண்டுக்கும் மேல். ரேக்கின் மேலிருக்கும் இரண்டு குழாய்களும் திருப்பும் பக்கத்தைப் பொறுத்து மாறிமாறி இதே அழுத்தத்தைச் சுமக்கின்றன. உறிஞ்சு குழாய்க்கும் ரிட்டர்ன் குழாய்க்கும் அந்தப் பாடு இல்லை.

நம் ஊர்க் கார்களில் குழாய் போவதற்குக் காரணங்களும் ஊர்க்காரணங்களே. திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், உவரி என்று கடலோரம் நிற்கும் காரில் உப்புக்காற்று எஃகைத் தின்கிறது. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் ஓடும் காரில் தேரியின் செம்மண் ஒவ்வொரு இடுக்கிலும் ஏறி உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது; தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அப்போது சேற்றுத் தண்ணீரில் நின்ற கார்களில் எஞ்சினையும் இருக்கையையும் பார்த்துச் சரிசெய்தார்களே தவிர, அடியில் ஓடும் குழாய்களை எத்தனை பேர் கழுவினார்கள்? வெள்ளத்தில் நின்ற கார் என்று தெரிந்தால் முதல் சந்தேகம் எஃகுக் குழாய் மேல் விழட்டும்.

கசிவைப் பிடிப்பது

முதலில் அது ஸ்டீயரிங் எண்ணெய்தானா என்று பாருங்கள். ராத்திரி காருக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். சிவப்பு, அல்லது பழையதாகிப் பழுப்பேறிய சிவப்பு என்றால் பெரும்பாலும் ஸ்டீயரிங் எண்ணெய். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார் என்றால் அதன் எண்ணெயும் சிவப்புத்தான், குழம்பிவிட வேண்டாம். எஞ்சின் ஆயில் கறுப்பாக இருக்கும். ரேடியேட்டர் நீர் விரலில் வழுக்கினாலும் தண்ணீரில் கரைந்துவிடும். ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர். தொட்டியில் அளவு குறைகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

அடுத்தது கழுவுவது. இதைச் சோம்பலால் விட்டவர்களே தப்பான பாகத்தை மாற்றுகிறார்கள். எஞ்சின் ஆறியபிறகு ஆல்டர்நேட்டரையும் மின் இணைப்புகளையும் பாலித்தீனால் மூடி, அழுக்கு நீக்கியைத் தெளித்து, பழைய பிரஷால் பம்பிலிருந்து ரேக்வரை தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த குழாய்கள் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வீட்டில் யாரையாவது ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். கடைசிவரை திருப்பினால் ஐந்து விநாடிக்குமேல் அங்கே பிடித்திருக்கக் கூடாது, பம்ப் கொதித்துவிடும். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எது எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ அதுதான் கசியும் இடம். ஓட்டத்தில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும், நின்றால் அது கீழே இறங்கும். சொட்டு விழும் இடம் இரண்டுக்கும் கடைசி நிறுத்தம்.

ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பிரஷர் குழாயை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை வழியாக அந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும். உள்ளே சதை அழுகும். அறுவைச் சிகிச்சைவரை போகும். பார்க்க வேண்டும் என்றால் அட்டைத் துண்டை நீட்டுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்களில் அதிகம் ஏமாற்றுவது ரேக்கின் இரு முனையிலும் இருக்கும் மடிப்பு ரப்பர் உறை. அதன் அடிப்பக்கத்தைப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் குலுங்கினாலோ, கிளிப்பைத் தளர்த்தியதும் ஒழுகினாலோ, போனது ரேக்கின் உள் சீல். குழாய் எத்தனை மாற்றினாலும் அது நிற்காது. ரேக்கை இறக்கிச் சீல் மாற்ற வேண்டும், இல்லையேல் வேறு ரேக். பல கார்களில் இரண்டு உறைகளையும் ஒரு சிறு காற்றுக்குழாய் இணைத்திருக்கும் என்பதால், எண்ணெய் தெரியும் பக்கமும் சீல் போன பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதேபோல பம்பின் கப்பிக்குப் பின்னால் ஈரம் என்றால் அது பம்பின் சீல்.

குழாயில் கசியும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, ரப்பரும் எஃகும் சேரும் உலோக உறை. ரப்பர் வயதாகி இறுகியபின் அங்கே வியர்ப்பதுபோல ஈரம் கசியும். இரண்டு, நட்டும் வாஷரும் சேரும் முனை. மூன்றாவது கண்ணில் படாதது: குழாயை உடம்போடு பிடித்திருக்கும் கிளிப்பின் அடி. பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வந்த ஓர் ஐகானில் அந்தக் கிளிப்பைக் கழற்றி ரப்பர் மெத்தையை உரித்தபோது, உள்ளே செம்மண் ஈரத்தோடு அப்பியிருந்தது. துடைத்த துணியோடு குழாயின் தோலும் செதில் செதிலாக வந்தது. நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான் ஓட்டை. அதற்கு முன்பு பார்த்த பட்டறையில் அந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே, எண்ணெய் சொட்டிய வளைவில், சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிக் கம்பியால் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

ஒழுகலே தெரியாமல் தொட்டியில் நுரை பொங்குகிறது, பம்ப் முனகுகிறது என்றால் உறிஞ்சு குழாயைச் சந்தேகியுங்கள். அங்கே அழுத்தம் இல்லை, இழுவைதான். விரிசல் வழியாக எண்ணெய் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும்.

என்ன செய்யக் கூடாது

எம்-சீல், சைக்கிள் டியூப், இன்சுலேஷன் டேப் எதுவும் பிரஷர் பக்கத்தில் நிற்காது. எஃகுக் குழாயை நடுவில் அறுத்து, ரப்பரைச் செருகி, இரண்டு கிளிப் போட்டு இறுக்குவது அதைவிட மோசம்: வீட்டு வாசலில் ஒழுகாது, வளைவில் தெறிக்கும். கசிவை நிறுத்தும் என்று விற்கும் திரவங்கள் பழைய ரப்பர் சீலைச் சற்று ஊதவைக்கும். எஃகில் விழுந்த ஓட்டையை அவை என்ன செய்துவிட முடியும்? நட்டு முனையில் ஒழுகுகிறது என்று பிளம்பர் பாணியில் டெஃப்லான் நாடா சுற்றுவதும் வீண். இங்கே எண்ணெயைத் தடுப்பது மரை அன்று. குழாயின் முனை உட்காரும் இருக்கையோ, செம்பு வாஷரோ, ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையமோதான். நாடாவின் துணுக்கு பிய்ந்து உள்ளே போனால் வால்வில் சிக்கி வேறு வம்பு வரும்.

குழாய் தேடுவது, செய்விப்பது

ரிட்டர்ன் குழாயும் உறிஞ்சு குழாயும் சுலபம். எண்ணெய்க்குத் தாங்கும் நைட்ரைல் ரப்பர்க் குழாயை, பவர் ஸ்டீயரிங் ரிட்டர்னுக்கு என்று சொல்லியே கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர்க் குழாயை வெட்டிப் போடாதீர்கள். அது தண்ணீருக்கான ரப்பர். இந்த எண்ணெய் பட்டால் ஊதிக் கொழகொழத்துவிடும். குழாயின் உள்விட்டம் உலோக முனைக்குச் சரியாக, சற்றுச் சிரமப்பட்டு ஏறும் அளவில் இருக்க வேண்டும். பெரியதை வாங்கிக் கிளிப்பால் நெரித்தால் மடிப்பின் வழியே கசியும். உறிஞ்சு குழாயில் வளைவு கூர்மையாக இருந்தால், சாதாரணக் குழாய் உள்ளே ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். அதற்கு அச்சில் வார்த்த அசல் வளைவுக் குழாயே நல்லது.

பிரஷர் குழாய்க்கு முதல் தேர்வு, கம்பெனியின் முழுக் குழாய். கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கிவிடுங்கள். ஃபோர்டு 2021ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, 2022ல் நிறுத்திவிட்டது. ஃபியட்டும் கடையைக் கட்டிவிட்டது. ஆகவே ஐகானுக்கும் பாலியோவுக்கும் மதுரை, கோயம்புத்தூர் உதிரிபாகக் கடைகளில் பழைய இருப்பு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டியிருக்கும். சென்னை புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் குழாயை அப்படியே மாட்டாதீர்கள். அதன் ரப்பருக்கும் உங்கள் ரப்பருக்கும் ஒரே வயது. ஆனால் அதன் எஃகு முனைகள் துரு ஏறாமல் நல்லபடியாக இருந்தால் வாங்கலாம். அடுத்து வரும் வழிக்கு அவை உதவும்.

அந்த வழி, ஹோஸ் மாற்றிக் கிரிம்ப் செய்வது, அதாவது புது ஹோஸை எஃகு முனையோடு உலோக உறையால் நசுக்கிப் பிடிப்பது. ஜேசிபி, டிராக்டர், போர்வெல் லாரி இவற்றுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் நசுக்கித் தரும் கடைகளில் இதைச் செய்வார்கள். பழைய குழாயைக் கையோடு கொண்டுபோய்ப் பேச வேண்டும். பேச்சு வழக்கமாக இப்படிப் போகும்:

"அண்ணாச்சி, இது ஸ்டீயரிங்குக்குப் போகிற ஹோஸ். சூடு தாங்குகிற ரகம் இருக்கிறதா?"

"தம்பி, ஜேசிபி பக்கெட்டையே தூக்குகிற ஹோஸ் உங்கள் காருக்குத் தாங்காதா?"

அழுத்தத்தைப் பொறுத்தவரை அண்ணாச்சி சொல்வது சரி. ஒரு கம்பிப் பின்னல் வைத்த சாதாரண 3/8 அங்குல ஹைட்ராலிக் ஹோஸ் 180 பார் தாங்கும். நமக்கு வேண்டியதைவிட அது கூடுதல். சிக்கல் சூட்டில் இருக்கிறது. அந்த ரகத்தின் வரம்பு 100 டிகிரி. மே மாத வெயிலில், எஞ்சினுக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவே, ஒடித்து ஒடித்து ஓட்டும்போது ஸ்டீயரிங் எண்ணெய் அதைத் தாண்டக்கூடும். இன்னொன்று சத்தம். காருக்கான பிரஷர் ஹோஸ் வேண்டுமென்றே சற்று விரிந்து கொடுக்கும்படி செய்யப்பட்டது. பம்பின் துடிப்பை அது வாங்கிக்கொள்ளும். ஜேசிபி ஹோஸ் விறைப்பானது. துடிப்பை அப்படியே ஸ்டீயரிங்குக்குக் கடத்தி, திருப்பும்போதெல்லாம் ரீங்காரம் கேட்கும். பவர் ஸ்டீயரிங்குக்கான எஸ்ஏஇ ஜே188 ரகத்தைக் கேளுங்கள். கடையில் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்குச் சாதாரண ரகம்தான் கிடைத்தது என்றால் சூட்டிலிருந்து தள்ளிவைத்து மாட்டி, அசல் கிடைக்கும்வரை மட்டும் ஓட்டலாம்.

பழைய ஹோஸை வெட்டுமுன் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, குழாய் காரில் இருக்கும்போதே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ரப்பர் மேல் நேராக ஒரு பெயின்ட் கோடு இழுத்து, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எஃகு முனைகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் இருந்தன என்பது கடைக்காரருக்குத் தெரிய வேண்டும். கோணம் பத்து டிகிரி தப்பினாலும் மாட்டும்போது ஹோஸை முறுக்க வேண்டிவரும். முறுக்கிய ஹோஸ் சீக்கிரமே உறையருகில் பிய்யும். இரண்டாவது, வெட்டியபின் உள்ளே பாருங்கள். சில கார்களில் ஹோஸுக்குள் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும். உலோகச் சுருளாகவோ நைலானாகவோ, நடுவில் சிறு துளைகளோடு இருக்கும். குப்பை என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். துடிப்பை அடக்குவதற்காகத் தயாரித்தவர்கள் வைத்தது அது. புது ஹோஸிலும் அதே முனையில், அதே திசையில் போக வேண்டும்.

எஃகு முனையில் ஹோஸ் ஏறும் நிப்பிளைப் புதிதாகப் பற்றவைக்க நேர்ந்தால் பித்தளை அல்லது வெள்ளி பிரேசிங் செய்பவரிடம் கொடுங்கள். பிரேசிங் முடிந்த குழாயின் உள்ளே கறுப்புச் செதில் படிந்திருக்கும். அதைக் காற்றழுத்தத்தாலும் பிறகு சுத்தமான எண்ணெயாலும் அலசி, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்து, துகள் வருவது நிற்கும்வரை விடாதீர்கள். அந்தத் துகள் ஒன்று வால்வுக்குள் போனால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும், பம்பையும் கீறும்.

ரேக்கின் மேலிருக்கும் சிறு குழாய்கள் துருப்பிடித்திருந்தால், அதே வெளிவிட்டமும் அதே சுவர்த் தடிமனும் உள்ள தையல் இல்லாத எஃகுக் குழாயில் புதிதாகச் செய்விக்கலாம். முனையின் வடிவம் அசலைப்போலவே இருக்க வேண்டும். பிரேக் குழாய் செய்பவரிடம் கேட்டால் அவரிடம் இருப்பது 4.75 மில்லிமீட்டர் குழாய். ரேக் குழாய் அதைவிடப் பருமன். ஏசிக்காரரிடம் செம்புக்குழாய் இருக்கும், வளைக்கவும் சுகம்தான். ஆனால் ஓயாத அதிர்வில் செம்பு இறுகி, நட்டருகே வெடிப்பு விடும். வேண்டாம்.

கழற்றுவது

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். மண்தரை என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை போடுங்கள். செம்மண் மேலே கெட்டியாகத் தெரிந்து பாரம் ஏறியதும் இறங்கிவிடும். பின்சக்கரங்களுக்குக் கட்டை, முன்பக்கம் இரண்டு ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்க வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். எஞ்சின் முழுதும் ஆறியிருக்கட்டும்.

தொட்டியிலிருக்கும் எண்ணெயைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். பிறகு கீழே தட்டு வைத்து ரிட்டர்ன் குழாயைக் கழற்றினால் மீதியும் வரும். திறந்த முனைகளில் ரப்பர்க் கையுறையின் விரலை வெட்டி மாட்டி ரப்பர் பாண்டு போட்டுவிடுங்கள். நம் ஊர்த் தூசிக்கு இது கட்டாயம்.

நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். குழாய் நட்டுக்குச் சாதாரண இருபக்கத் திறப்பு ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். ஆறு பக்கமும் கவ்வி, குழாய் நுழைய மட்டும் ஒரு வெட்டு உள்ள குழாய் நட்டு ஸ்பேனர் வாங்குங்கள். இந்த வேலைக்கு வாங்க வேண்டிய ஒரே தனிக் கருவி அதுதான். பம்பில் நட்டு ஏறும் அடாப்டர் தனியாக இருந்தால் அதை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே நட்டைத் திருப்புங்கள். நட்டு குழாயோடு ஒட்டிக்கொண்டு குழாயே முறுகுகிறதென்றால், அந்தக் குழாய் எப்படியும் குப்பைக்குத்தானே? நட்டின் ஓரத்தில் அறுத்துவிட்டு, ஆறுமுனைச் சாக்கெட்டைப் போட்டுக் கழற்றுங்கள். ரேக் பக்கம் மரை போனால் ரேக்கே போயிற்று. அங்கே மட்டும் பொறுமை.

மாட்டுவது

ஓட்டைப் போல்ட்டில் மாட்டும் முனை என்றால் அதன் இரு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். இரண்டையும் புதிதாகப் போடுங்கள். செம்பு ஒரு தடவை நசுங்கியபின் இறுகிவிடும். மறுபடி நசுங்கி இடைவெளியை நிரப்பாது. ஓ-ரிங் என்றால் நைட்ரைல், அதே விட்டம், அதே தடிமன். மாட்டுமுன் ஸ்டீயரிங் எண்ணெய் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம்.

எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மூன்று நான்கு மரைகள் ஏற்றுங்கள். கை விரலால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது; ஸ்பேனரால் கட்டாயப்படுத்தாமல் கழற்றி மறுபடி ஏற்றுங்கள். எல்லா முனையும் ஏறியபின், குழாய் இயல்பாக அமரும் நிலையைப் பார்த்து, முனைகளை இறுக்கி, கடைசியில்தான் உடம்போடு பிடிக்கும் கிளிப்புகளை இறுக்க வேண்டும். கிளிப்பை முதலில் இறுக்கினால் குழாய் இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடும். இறுக்கும் அளவு உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்து அதன்படியே இறுக்குங்கள். கிளிப்பின் ரப்பர் மெத்தையைப் புதிதாக்கி, அடியில் துருவை உப்புத்தாளால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்துக் காய்ந்தபின் மூடுங்கள்.

ஸ்டீயரிங்கைக் கையால் இரு பக்கமும் ஒடித்துப் பார்த்து, குழாய் பெல்ட்டையோ சைலன்சரையோ அச்சுத்தண்டையோ எந்த நிலையிலும் தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

எண்ணெய் ஊற்றி, காற்று எடுப்பது

எந்த எண்ணெய் என்பது தொட்டி மூடியில் எழுதியிருக்கும். பழைய கார்கள் பலவற்றுக்கும் டெக்ஸ்ரான் வகைச் சிவப்பு எண்ணெய். ஹோண்டாவுக்கு அதன் சொந்த ஸ்டீயரிங் எண்ணெய் மட்டும். சில ஐரோப்பியக் கார்களுக்குப் பச்சை நிறச் செயற்கை எண்ணெய். ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. பிரேக் ஆயிலைத் தவறிக்கூட ஊற்றிவிடாதீர்கள். அத்தனை சீலும் ஊதிப்போய், பம்பும் ரேக்கும் சேர்ந்து செலவு வைக்கும். காலியான அமைப்பு நிறைய ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும். அலசுவதற்கும் சேர்த்து இரண்டு லிட்டர் வாங்கி வையுங்கள்.

பழைய எண்ணெய் கறுத்திருந்தால் இப்போதே அலசிவிடலாம். தொட்டியின் ரிட்டர்ன் முனையை அடைத்துவிட்டு, ரிட்டர்ன் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். எஞ்சினை ஓட்டாமல், முன்சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையில், ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப, மற்றவர் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் விழுவது சுத்தமான சிவப்பாகும்போது குழாயைப் பழையபடி மாட்டுங்கள்.

எண்ணெயில் சிக்கிய காற்றை எடுப்பதும் எஞ்சினை ஓட்டாமல்தான் தொடங்க வேண்டும். தொட்டியை நிரப்பி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாக இருபது தடவை திருப்புங்கள். குமிழி வரும், அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்றபின் பேட்டரிக் கம்பியை மாட்டி எஞ்சினைக் கிளப்பி, ஐடிலிங்கில் விட்டு மறுபடி மெதுவாகத் திருப்புங்கள். எண்ணெய் பால் கலந்ததுபோல வெளுத்தால் காற்று நுரைத்துவிட்டது என்று பொருள். எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள், நுரை தானே அடங்கும். நேராகக் கிளப்பி வேகமாக ஒடித்துக் காற்றை விரட்டுகிறேன் என்று பம்பைக் கதறவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். எண்ணெய் இல்லாமல் சில நிமிடம் சுற்றினால் போதும், பம்பின் உட்புறம் கீறிவிடும்.

ஓட்டிப் பார்ப்பது

சக்கரங்களை இறக்கி, மறுபடி பவுடர் தூவி, அட்டை வைத்துப் பாருங்கள். வாசலில் உலர்ந்திருந்தால் வண்ணார்பேட்டையிலிருந்து ஆலங்குளம் வரை ஒரு நடை போய் வந்து, எஞ்சின் சூடாக இருக்கும்போதே முனைகளைப் பாருங்கள். அதிலும் நின்றால் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வளைவுகளில் ஏற்றி இறக்குங்கள். உண்மையான சோதனை அங்கேதான். திரும்பியபின் எண்ணெய் அளவு, மூடியில் சூடான நிலைக்கென்று போட்டிருக்கும் கோட்டில் நிற்க வேண்டும். ரிட்டர்ன் குழாயின் கிளிப்புகளை மட்டும் சில நாள் ஓட்டத்துக்குப்பின் ஒரு தடவை இறுக்குங்கள். புது ரப்பர் சற்று அமுங்கும்.

வழியில் பிரஷர் குழாய் வெடித்துவிட்டால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், ஆனால் திரும்பும். புகை வந்தால் உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பம்புக்கு மட்டும் தனி பெல்ட் இருக்கும் காரென்றால், சிந்திய எண்ணெயைத் துடைத்தபின் அந்த பெல்ட்டை அறுத்துவிட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம். தண்ணீர் பம்பும் ஆல்டர்நேட்டரும் அதே பெல்ட்டில் சுற்றுகின்றன என்றால் அறுக்காதீர்கள். இழுத்துவரும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

வடித்த பழைய எண்ணெயைக் கேனில் அடைத்து, கழிவு ஆயில் வாங்குகிறவரிடம் கொடுங்கள். வாய்க்காலில் கொட்ட வேண்டாம். அது போய்ச் சேரும் இடம் யாருடைய வயல் என்று உங்களுக்குத் தெரியும்.